வெள்ளை நூல் ஷயிர்குல்

என் ஓரகத்தி ஷயிர்குலும் நானும் ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு மூட்டிக் குடித்தனம் செய்கிறவர்கள். அவளோடு நான் போடாத சண்டை இல்லை. அவள் ஆடு என் வெங்காயப் பாத்தியில் வாய் வைத்ததற்குப் போட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் அவள் சமையலைப் புகழ்ந்ததற்கும் போட்டிருக்கிறேன். ஆனால் அவள் சேணம் தைக்க உட்கார்ந்துவிட்டால் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. கையில் தேநீர்க் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போவதுமில்லை. போனால் பாலில் ஈ விழுந்ததைப் பார்ப்பது போல அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பாள்.

"அக்கா, கிண்ணத்தோட அந்த வாசப்படியைத் தாண்டாதீங்க. ஒரு சொட்டு தெறிச்சாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் மனுஷியாவா இருக்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் எங்கள் மலையூர் அத்-பாஷியில் தெருக்கோடியில் கட்டியிருக்கும் குதிரைகூடக் காதை நிமிர்த்தும்.

எங்கள் பள்ளத்தாக்கில் சேணம் தைக்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் கருப்பு நூல்தான். கருத்த தோலில் கருப்பு நூல் ஓடினால் எது நேர், எது கோணல் என்று எந்த மகாராஜனுக்குத் தெரியும்? தையல்காரனுக்கு அது வசதி. அழுக்கும் தெரியாது, அவசரமும் தெரியாது. ஷயிர்குல் கல்யாணமாகி வந்த புதிதில், அப்பா வீட்டில் பழகிய தொழிலை இங்கேயும் செய்கிறேன் என்று கிளம்பியபோது, குதிரைச் சந்தையில் ஒரு பெரியவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னாராம்: "பொம்பளை தைச்ச சேணத்துல ஏறினா குதிரை ஒரு பக்கமாவே போகும்மா. அவ்வளவு கோணலா இருக்கும்."

அவள் நேரே வீட்டுக்கு வந்து தோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச காலம் கழித்து ஒரு சேணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்த மனிதர் காலடியில் இறக்கினாள். கரும்பழுப்புத் தோல், ஓரம் முழுக்கப் பால்போல் வெள்ளைத் தையல்.

"கோணல் எங்கேன்னு காட்டுங்க பெரியவரே. உங்க கண்ணுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் வெள்ளையில தைச்சேன்."

அவர் சேணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அவரே அதை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவளுக்கு வெள்ளை நூல் ஷயிர்குல் என்றே பேராகிவிட்டது.

நேராகத் தைப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. தைத்த வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருப்பதுதான் பெரும் போராட்டம். தோலுக்குச் சாயம் ஏற்றி, காயவிட்டு, வெள்ளைத் துணியால் தேய்ப்பாள். துணியில் சாயம் ஒட்டாமல் வரும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பாள். எண்ணெய் காட்டுவதெல்லாம் தைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். தோல் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்து, தொட்டால் விரலில் பிசுக்கு ஏறாத நிலைக்கு வந்த பிறகுதான் ஊசி எடுப்பாள். பழைய பாராசூட் கயிற்றைப் பிரித்து எடுத்த நைலான் நூல். அதை வெள்ளைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து, நூல் மேல் எதுவும் ஒட்டாதபடி வழவழப்பாக்கிக்கொள்வாள். தோலைப் பிடிக்கும் மரக்கவ்விக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பாள். கையை முதலில் மோரில் கழுவி, பிறகு சோப்பில் கழுவி, பிறகு முகர்ந்து பார்ப்பாள். அப்படி உட்கார்ந்தவளை வாசலில் விருந்தாளி வந்து கூப்பிட்டாலும் தலையை ஆட்டுவாளே தவிரக் கை கொடுக்க மாட்டாள். இதனால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அவளுக்குத் தலைக்கனம் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள்.

எல்லாவற்றையும் மீறி அழுக்குப் பட்டால் என்ன செய்வது? பக்கத்து நகரம் நாரினில் ஒருமுறை கைத்தொழில் வகுப்பு நடந்தது. தலைநகரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, ரொட்டியின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியைப் பிய்த்து உருட்டி வெள்ளைத் தையலில் தேய்த்தால் அழுக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஷயிர்குல் எழுந்து நின்றுவிட்டாள்.

"ரொட்டியாலயா? கீழே விழுந்த துண்டைக்கூட எடுத்து நெத்தியில ஒத்திக்கிறவங்கம்மா நாங்க. அதால அழுக்கைத் துடைச்சா நாளைக்கு என் வீட்டு மாவு பொங்குமா?"

அந்தப் பெண் பயந்துபோய், "அப்படின்னா பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ங்கக்கா" என்றாள். அது பிடித்துப்போயிற்று. எங்கள் ஊர்க் கடைக்காரன் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக்கென்று வாங்கி வைத்த வெள்ளை ரப்பரையெல்லாம் இவள் அள்ளிக்கொண்டு வந்தாள். "எந்த வகுப்புல சேர்ந்திருக்கீங்கக்கா?" என்று அவன் கேட்க, "உன்னோடதான், நீதான் இன்னும் தேறலையே" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

இத்தனை சுத்தக்காரிக்கு வாய்த்த புருஷன் ஜொலோச்சு. என் கொழுந்தன். நல்ல மனிதர், குதிரை மேய்க்கிறவர், தங்கமான குணம். ஆனால் அவர் அன்பெல்லாம் ஆட்டு வால்கொழுப்பில்தான் வெளிப்படும். தோல் எதைக் கண்டாலும் கொழுப்பைத் தடவுவார். பூட்ஸுக்குத் தடவுவார், கடிவாளத்துக்குத் தடவுவார், குளிரில் வெடித்த தன் கன்னத்துக்கும் அதையே தடவுவார். "கொழுப்பு பாக்காத தோலும் முத்தம் பாக்காத குழந்தையும் ஒண்ணுதான்" என்பார். ஷயிர்குல் அவருக்கென்று தைத்துக் கொடுத்த சேணத்தை வாங்கிய அன்றே சாயங்காலம் கொழுப்பில் குளிப்பாட்டிவிட்டார். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தச் சேணத்தின் தையல் பழைய தேநீர் நிறமாகி, தூசி படிந்து, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. விளக்கடியில் இருட்டு என்பது சும்மாவா?

அந்தச் சேணம்தான் வினையாயிற்று.

ஷயிர்குலுக்கு ஒரே மகள், பெகிமாய். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து அதே வெள்ளைத் தையலைத் தைக்கிறவள். குணத்தில் மட்டும் நேரெதிர். அம்மா பத்து வார்த்தை பேசினால் மகள் புருவத்தை மட்டும் தூக்குவாள். மலைக்கு அந்தப் பக்கம் கொச்கோரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நல்லவன், இவளுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்ய வந்த நாளில் பையனின் அம்மா தமீரா வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அந்தச் சேணத்தோடு வாசலில் கட்டியிருந்த ஜொலோச்சுவின் குதிரையைத்தான்.

தமீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் நிற வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்கு வருகிற பெண்பிள்ளை அவள். அந்த அங்கியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு சேணத்தருகே குனிந்தாள்.

"வெள்ளைத் தையல், வெள்ளைத் தையல்னு கொச்கோர் வரைக்கும் பேரு. பார்த்தா பல்லு விளக்காத வாய் மாதிரில்ல இருக்கு?"

நான் உள்ளே ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே சுருக்கென்றது. ஷயிர்குல் சிரித்துச் சமாளித்தாள்.

"அது எங்க வீட்டுக்காரர் கைவரிசை, சம்பந்தி. நான் தைச்சது வெள்ளைதான்."

"வெளுத்ததெல்லாம் பால்னு நம்பற ஆளு நானில்லை, சம்பந்தி. வந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும், ராணி மாதிரி வச்சுக்கறோம். ஊசியும் குத்தூசியும் இங்கேயே இருக்கட்டும். தோல் நாத்தம் புடிச்ச கையால என் வீட்டு மாவைத் தொடக் கூடாது."

பெகிமாயின் முகத்தைப் பார்த்தேன். புருவம்கூட அசையவில்லை. ஆனால் உதடு வெளுத்துவிட்டது. அவளுக்குத் தையல் என்றால் மூச்சு. ஒரு மாதம் ஊசி பிடிக்காமல் இருந்தாளானால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவாள்.

ஷயிர்குல் தன் தலைத்துணியை இழுத்து முடிந்தாள். சண்டைக்கு முன்னால் அவள் அப்படித்தான் செய்வாள்.

"சம்பந்தி, ஒரு பந்தயம். கல்யாணத்தன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்கு நாங்க குதிரை கொடுக்கணும் இல்லையா? அதுக்குச் சேணம் நானும் என் மகளும் தைக்கிறோம், வெள்ளையில. மலையைத் தாண்டி உங்க வீட்டுக்குக் கொண்டு வரேன். விருந்து முடியட்டும், நீங்களே கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. வெள்ளையா இருந்தா என் பொண்ணு குத்தூசிப் பெட்டியோட உங்க வீட்டுல இருப்பா. இல்லைன்னா பெட்டி என்கிட்டயே கிடக்கட்டும்."

"ஒரு தையல்கூட மங்கியிருக்கக் கூடாது" என்றாள் தமீரா.

"ஒரு தையல்கூட."

பந்தயம் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு தேவையில்லை. அன்றைய விருந்தே களைகட்டிவிட்டது. வந்த சம்பந்திகளின் அங்கி ஓரத்தை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்கும்போது தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் பெண்களின் பழைய குறும்பு. அன்றைக்கு என் மருமகள்கள் மாப்பிள்ளையின் மாமாவைக் கருப்பு நூலில் தாறுமாறாகத் தைத்து வைத்தார்கள். மனிதர் விரிப்போடு சேர்ந்து எழுந்து, கிண்ணம் கவிழ்ந்து, ஒரே கூத்து. தமீராவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்கும்போதும் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் தாயும் மகளும் சேணம் தைத்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். ஜொலோச்சுவுக்கு அந்த அறைக்குள் நுழையத் தடை. தைத்து முடித்ததும் அதைப் பார்க்க ஊரே வந்தது. ஷயிர்குல் எல்லாரையும் கையைப் பின்னால் கட்டச் சொல்லித்தான் உள்ளே விட்டாள். நான் நிறையச் சேணம் பார்த்திருக்கிறேன். அது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. பாராட்டினால் அவளுக்குக் கொழுப்பு ஏறும் என்று "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

புறப்படும் நாள் காலை. முற்றத்தில் கொப்பரையில் ஆடு வெந்துகொண்டிருந்தது. ஷயிர்குல் உள்ளே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சேணம் வெள்ளைத் துணியில் சுற்றி வண்டியருகே பெட்டிமேல் இருந்தது. மகளை அனுப்பும் நாள் ஜொலோச்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. குதிரையைத் தடவினார், வண்டிச் சக்கரத்தைத் தடவினார், மூக்கைச் சிந்தினார். கடைசியில் துணியைப் பிரித்தார்.

நான் தண்ணீர் வாளியோடு வந்தபோது காரியம் முடிந்துவிட்டது. மனிதர் கொப்பரையில் மிதந்த வால்கொழுப்பை உள்ளங்கையில் அள்ளி, சேணத்தின் மேல் அங்குலம் விடாமல் பூசி முடித்து, கண்ணீரோடு வாழ்த்திக்கொண்டிருந்தார். "உன் வழி வெள்ளையா இருக்கட்டும், மகளே."

தையலெல்லாம் மஞ்சளாக, பிசுபிசுவென்று மின்னியது.

"கொழுந்தனாரே, என்ன காரியம் செஞ்சீங்க!"

"புதுத் தோல் காய்ஞ்சு போய் வீட்டை விட்டு இறங்கக் கூடாது அண்ணி. சம்பந்தி வீட்டுக்குப் போறதாச்சே" என்றார். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஷயிர்குல் வெளியே வந்தாள். பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சத்தம் போடாமல் நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பிறகு அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரையும் முழங்கை வரை வழிந்த கொழுப்பையும் பார்த்தாள்.

"யோவ் கிழவா" என்றாள். "உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே என்னை அந்தக் கொப்பரையில போட்டிருக்கலாம்யா."

அவ்வளவுதான் திட்டினாள். உடனே வேலையில் இறங்கிவிட்டாள். துணியால் ஒற்றி எடுத்தாள். ரப்பரைப் போட்டால் கொழுப்பு இன்னும் பரவும். தண்ணீர் காட்டினால் தோல் ஊறி, சாயம் கசிந்துவிடும். எதையாவது வெள்ளைப் பொடியைத் தூவிக் கொழுப்பை உறிஞ்சவிட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி கிடைக்குமா என்றால் கோடை விடுமுறை, பூட்டு தொங்கியது. நான் பெண்ணின் முகப்பவுடரை நீட்டினேன். திறந்து பார்த்தாள். ரோஸ் நிறம்.

"பல்லு விளக்காத வாய்க்குச் சாயம் வேற பூசணுமாக்கா?"

வண்டி ஓட்டிப் போக வந்த என் மகன், "சித்தி, வீட்டுல மூட்டை மூட்டையா மாவு இருக்கு, அதைத் தூவினா என்ன?" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். ரொட்டிக்கு உண்டானதை அழுக்குக்குப் போட அவள் கை வராது. மகளின் தலையெழுத்தே அதில் இருந்தாலும் வராது. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

பெண்ணை ஏற்றி அனுப்பிவிட்டுத் தாய் வீட்டோடு நிற்பதுதான் எங்கள் வழக்கம். ஷயிர்குல் வண்டியில் ஏறினாள். பெரியவர்கள் ஆட்சேபித்தார்கள்.

"நூல் போகுதில்ல? நூலுக்குரியவளும் கூடப் போறா" என்று சொல்லிவிட்டுச் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தோலோன் கணவாய் ஏறி இறங்கும்வரை ஒரு பாட்டுக்கும் அவள் குரல் கொடுக்கவில்லை. பக்கத்தில் பெகிமாய் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொச்கோரில் இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் மாவு. சம்பந்தி வந்து இறங்கினால் முகத்தில் மாவு அப்பாமல் விடுவதுண்டா? வெள்ளை பூசினால் உறவு வெள்ளையாக இருக்கும். எல்லாருக்கும் முன்னால் தமீரா, அதே பால் நிற அங்கி, கையில் பெரிய கிண்ணம்.

நாங்கள் முகத்தை மூடிக்கொண்டு சிதறி ஓடினோம். ஷயிர்குல் ஓடவில்லை. மாவைப் பார்த்தாள், மடியிலிருந்த சேணத்தைப் பார்த்தாள், அவள் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது. துணியை உருவிச் சேணத்தைக் கேடயம்போல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"போடுங்க சம்பந்தி! என்ன, கிள்ளிக் கிள்ளிப் போடறீங்க? கொச்கோர்ல மாவுக்குப் பஞ்சமா?"

தமீரா விடுவாளா? கிண்ணத்தையே கவிழ்த்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷயிர்குல் சேணத்தை இந்தப் பக்கம் திருப்புவாள், அந்தப் பக்கம் திருப்புவாள். "இங்க படலை! இந்த ஓரத்துல படலை!" என்று கத்துவாள். இப்படி ஆசையாக மாவு வாங்கிக்கொண்ட சம்பந்தியை அந்த ஊர் பார்த்ததில்லை. நான்தான் சிரித்துச் சிரித்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தன் கையால் எடுத்து அழுக்குக்குப் போட்ட மாவு இல்லை, அவர்களே வாழ்த்திப் போடுகிற மாவு. அது ஆசீர்வாதம்.

மாவோடு மாவாகச் சேணத்தைச் சுற்றி வெயிலில் வைத்துவிட்டு, விருந்து நடந்த நேரமெல்லாம் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தாள். கறி போயிற்று, குதிரைப்பால் குமிஸ் போயிற்று, ஆட்டம் பாட்டு எல்லாம் முடிந்தது. குதிரைமயிர்த் தூரிகையால் தட்டி எடுத்தாள். மெழுகு நன்றாக ஏறிய நூல் அது, கொழுப்பு உள்ளே இறங்கவில்லை. மேலே இருந்ததை மாவு உறிஞ்சிவிட்டது. வெள்ளை வெளேரென்று வந்தது.

புதுப்பெண் என்பதால் பெகிமாயை முகம் காட்டாமல் கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். பெரியம்மா முறைக்கு நான் துணை. திரையின் இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. தமீரா திரையை ஒட்டி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கியின் ஓரம் விரிப்பில் பரந்து, திரைக்கு அடியில் எங்கள் பக்கம்வரை வந்து கிடந்தது. சேணத்தைக் கொண்டு வந்து அவள் முன் வைத்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, ஊசி நூல் இருக்கா?" என்று பெகிமாய் கிசுகிசுத்தாள். பதற்றத்தில் சட்டையைப் பிசைந்து கிழித்துக்கொண்டாள் போல என்று நினைத்து, என் தலைத்துணியில் வெள்ளை நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்துக் கொடுத்தேன். என் கண் இடுக்கிலேயே இருந்தது.

தமீரா பக்கத் தோல் முடித்தாள், வார் முடித்தாள், சேணத்தின் முன்பக்க மேட்டுக்கு அடியில் குனிந்தாள். நின்றாள்.

"இது என்ன சம்பந்தி?"

அந்த இடுக்கில் நாலைந்து தையல் மஞ்சளாகவே இருந்தது. மாவு அங்கே எட்டவில்லை.

"ஒரு தையல்கூடன்னு பேச்சு" என்றாள் தமீரா. பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "சேணம் அருமையா இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பந்தயம் பந்தயம்தான். பெட்டி உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

ஷயிர்குல் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனைக் காட்டிக் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கொழுப்புக் கையைக் கொப்பரையோடு சேர்த்துப் புதைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"சரி, தேநீர் ஊத்தச் சொல்றேன்" என்று தமீரா எழுந்தாள். எழ முடியவில்லை. இன்னொரு தடவை எம்பினாள். விரிப்பும் சேர்ந்து எழுந்தது. மேலே இருந்த கிண்ணங்கள் உருண்டன. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கூடாரமே வெடித்துச் சிரித்தது.

"தைச்சுட்டாங்கடி! நம்ம வீட்டுக்கு வந்து நம்மளையே தைச்சுட்டாங்க!"

தமீரா சட்டென்று உட்கார்ந்து அங்கியின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். அந்த அங்கியில் தேநீர்ச் சொட்டு விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள். என்ன ஆகுமோ என்று நான் இடுக்கில் கண்ணை ஒட்டினேன். கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருந்தது. குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளை நூல், எறும்பு வரிசைபோலச் சின்னச் சின்னத் தையல், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை. பால் நிற வெல்வெட்டில் ஒரு விரல் ரேகை இல்லை, ஒரு நிழல்கூட இல்லை.

"யாரு தைச்சது?"

எல்லாரும் ஷயிர்குலைப் பார்த்தார்கள். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். என் பக்கத்திலிருந்து ஒரு கை திரைக்கு அடியில் நீண்டது, விரல்நுனியில் ஊசியோடு. எனக்கு அப்போதுதான் சட்டை எதுவும் கிழியவில்லை என்று உறைத்தது.

தமீரா அந்தக் கையைப் பிடித்தாள். திருப்பினாள். உள்ளங்கையைப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள். பிறகு, எல்லாரும் பார்க்க, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"தோல் நாத்தம் இல்லை" என்றாள் மெதுவாக.

"மோர் வாசனைதான் இருக்கும், அத்தை" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல். அன்று முழுக்க பெகிமாய் உரக்கப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

தமீரா சிரித்தாள். காதணி போட வந்த அன்று சிரித்தாளே, அதே சிரிப்பு, இந்தத் தடவை அங்கியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. தன் விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அந்த விரலில் போட்டாள்.

"மருமக முகம் பாத்துதான் சீர் கொடுக்கணும், நான் முகத்துக்கு முன்னாடி கையைப் பாத்துட்டேன், அதுக்கு என் சீர் இது. இந்தக் கை என் மாவைப் பிசையட்டும். மிச்ச நேரத்துல என்னத்தையோ தைக்கட்டும், எனக்கென்ன? சம்பந்தி, பந்தயத்துல நீங்க தோத்தாச்சு, அதை மறந்துடாதீங்க. ஆனா உங்க மக ஜெயிச்சுட்டா. அந்த மஞ்சத் தையலை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க, என்ன ஆச்சு?"

"அதுவா? கண்ணு படாம இருக்கட்டும்னு எங்க வீட்டுக்காரர் வச்சது" என்றாள் ஷயிர்குல். அவள் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. வெளியே குதிரைகள் கனைத்தன.

தையலைப் பிரிக்க யாரோ கத்தரிக்கோல் நீட்டினார்கள். தமீரா கையைத் தட்டிவிட்டாள். தேநீர் முடியும்வரை விரிப்போடு தைக்கப்பட்டபடியே உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"அடுத்த தடவை வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டு வந்துடுங்க சம்பந்தி" என்றாள் கடைசியில்.

"அடுத்த தடவை எதுக்கு? வண்டியிலதான் இருக்கு."

எனக்கே தெரியாது. ஆசனத்துக்கு அடியில், ஆட்டுத்தோலில் சுற்றி, குத்தூசிகள், மெழுகு, உறை போட்ட கவ்வி, ரப்பர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள்.

"சம்பந்தி மனசு மாறலைன்னா என்னடி செஞ்சிருப்பே?" என்று கேட்டேன்.

"மகளோட மெத்தைக்கு அடியில சொருகி வச்சுட்டு வந்திருப்பேன் அக்கா."

பெட்டியை இறக்கி மாப்பிள்ளை வீட்டு வாசலில் வைத்தபோதுதான் அவள் அழுதாள். அதன் மூடியில் கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். அவ்வளவு தூரம் வந்த பிறகுதான் மகளை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நான் தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். பெட்டியருகே நின்றபடியே குடித்தாள். மூடியைத் திறந்து கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்தபோது, மேலே கிடந்த கவ்வியின் வெள்ளை உறைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் பார்க்கவில்லை. நான் என் தலைத்துணியின் நுனியால் அதை ஒற்றி எடுத்துவிட்டு மூடியைச் சாத்தினேன்.